மாப்பிள்ளைக்காக விழுந்தவர்

பூதத்துக்கு ஊசி என்றால் பயம். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் தோளும், குனியாமல் எந்த வாசலிலும் நுழைய முடியாத உயரமும் உள்ள அந்த மனிதர், காய்ச்சலுக்கு நர்ஸ் ஊசியை எடுத்தால் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இது ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்த பூதம் வேறு. கறுப்புச் சட்டை, மையால் தீட்டிய புருவம், நடுவர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து எதிராளியின் கண்ணில் பொடியைத் தூவுகிற கை. வாரா வாரம் சனிக்கிழமை ஊர் மல்யுத்த அரங்கில் பூதம் அக்கிரமம் செய்தார். வாரா வாரம் கடைசியில், நல்லவராக வரும் வேங்கையிடம் அடிவாங்கிக் குப்புற விழுந்தார். அவர் விழுந்தால்தான் ஜனங்களுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரும்.

அது காட்சிக்காகப் போடும் சண்டை. யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்பதை முதலாளி முதல் நாளே சொல்லிவிடுவார். ஆனால் விழுவது நிஜம். தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றப்படும்போது பூதத்தின் கழுத்து வேங்கையின் கையில் இருந்ததும் நிஜம். தூக்குவதற்கு முன் வேங்கை அவருடைய மணிக்கட்டை ஒரு முறை அழுத்துவார். தயாரா என்று அர்த்தம். பூதம் திருப்பி அழுத்துவார். அந்த அழுத்தல் இல்லாமல் வேங்கை அவர் மேல் கை வைத்ததே இல்லை. வெளியே வந்ததும், “முட்டி வலிக்குதா மச்சான்? இன்னிக்குக் கொஞ்சம் வேகமாப் போட்டுட்டேனா?” என்று கேட்காமல் போனதும் இல்லை.

பூதத்தின் மனைவி அந்த அரங்கத்தின் டிக்கெட் கவுன்டரில் இருந்தாள். “இன்னிக்காவது அந்தப் பூதத்துக்கு எலும்பு உடையுமா?” என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள். “கண்டிப்பா உடையும், உள்ள போங்க” என்று சொல்லி அவள் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்து அதே எலும்புக்குத் தைலம் தேய்த்துவிடுவாள்.

வேங்கைக்கும் பூதத்தின் தங்கைக்கும் எப்படியோ பேச்சு ஏற்பட்டு, பழக்கமாகி, கல்யாணம் வரை வந்தபோது பூதத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தங்கைக்கு அப்பாவும் அம்மாவும் அவரே. ஆனால் முதலாளி குறுக்கே நின்றார். “வேங்கையோட கல்யாணத்துக்கு ஃபோட்டோக்காரங்க வருவாங்க. அங்க நீ பல்லைக் காட்டிட்டு நின்னா சனிக்கிழமை எவன் வருவான்?” என்றார். ஆகவே தங்கை மாலை மாற்றிக்கொண்ட நேரத்தில் பூதம் மண்டபத்தின் பின்கட்டில், பாத்திரம் கழுவும் அறையில், ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் கேட்டது. முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். பாத்திரம் கழுவுகிற பெண் ஒருத்தி அவரை அடையாளம் கண்டு பயந்துபோய்ப் பீங்கான் தட்டைக் கீழே போட்டாள். சில்லைப் பொறுக்க அவர்தான் உதவினார்.

பிறகு காலம் மாறியது. வீட்டுக்கு வீடு டிவி வந்து, சனிக்கிழமைக் கூட்டம் பாதியாகி, கால்வாசியாகி, ஒருநாள் அரங்கத்தையே மூடிவிட்டார்கள். அங்கே இப்போது சோபா விற்கிறார்கள். பூதம் ஒரு மரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கப் போனாள். வேங்கையைத் தேடி மட்டும் ஒரு கட்சி வந்தது.

கட்சிக்காரர்களுக்கு வேண்டியது அவருடைய முகம். அந்த முகத்தைப் பார்த்தால் தொகுதியில் யாரும் ‘யார் இவர்’ என்று கேட்க மாட்டார்கள். நல்லவர் ஜெயிப்பார் என்று வாரா வாரம் நிரூபித்த முகம் அது. வேங்கை முதலில் கூச்சப்பட்டார். “எனக்கு என்ன மச்சான் தெரியும் அரசியல்?” என்று பூதத்திடம் கேட்டார். “உனக்கு ஜெயிக்கத் தெரியும் மாப்பிள்ளை” என்றார் பூதம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வேங்கை நின்றார், ஜெயித்தார். ஆரம்பத்தில் அவர் நன்றாகத்தான் செய்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சாக்கடை அடைத்தால் தானே வந்து நின்றார். பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றிக் கொடுத்தார். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேச மாட்டார். மல்யுத்தக் கம்பெனிதான் இல்லையே, இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று பூதத்தையும் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டார். ‘வேங்கை பூதத்தையே திருத்திவிட்டார்’ என்று ஊர் பேசிக்கொண்டது. கட்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. திருந்துவதற்குத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று பூதம் யோசித்துப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு விட்டுவிட்டார்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே. வெளி அறையில் பெஞ்சுகள், உள் அறையில் வேங்கை, இரண்டுக்கும் நடுவே உள்ள கதவில் பூதம். மனு கொடுக்க வருகிறவர்களிடம் வேங்கை தோளில் கை போட்டு, “பாத்துக்கறேன், நீங்க தைரியமாப் போங்க” என்பார். ஆகாத காரியம் என்றால், அடுத்த வாரம் அதே ஆள் வரும்போது பூதம் கதவில் நின்று, “முடியாதுங்க, சட்டத்துல இடமில்லை” என்று சொல்ல வேண்டும். இப்படிச் செய் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது. ஜனங்கள் படி இறங்கும்போது, “அவர் தங்கமான மனுஷன். இந்தத் தடியன்தான் குறுக்க நிக்கிறான்” என்று பேசிக்கொண்டு போவார்கள். அது பூதத்தின் காதில் விழும். பழகிய வார்த்தைகள்தான். வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

“அப்ப சாயங்காலம் ஆனா மையைக் கழுவிட்டு வருவீங்க. இப்ப எதைக் கழுவறீங்க?” என்று ஒருநாள் கேட்டாள்.

கால்வாய்க் கரை விவகாரம் இரண்டாவது தேர்தலுக்கு முந்தின வருஷம் வந்தது. கரையோரமாக வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். தகரக் கூரை, ஒற்றைச் செங்கல் சுவர். தலைமுறையாக இருக்கிறவர்கள். அந்த இடத்தில் பெரிய கிடங்குகள் கட்டவேண்டும் என்று கட்சித் தலைமை யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தது. வேங்கையோ அந்தக் கரை மக்களுக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தார். “என்னைத் தாண்டித்தான் உங்க கூரையில எவனும் கை வைக்கணும்” என்று மார்பைத் தட்டிச் சொன்ன பேச்சு அது.

ஒரு காலை வேங்கை பூதத்தை உள்ளே கூப்பிட்டார். “மச்சான், கரையை அளக்க ஆள் வர்றாங்க. ரெண்டு நாள் எல்லாரும் பள்ளிக்கூடத்துல தங்கட்டும். நீயே போய்ச் சொல்லிடு.”

“அளக்கறதுக்கு எதுக்கு மாப்பிள்ளை வெளிய போகணும்?”

“எல்லாம் ஒரு நடைமுறைதான். சொல்லிட்டு வா.” வேங்கை மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பூதம் போனார். கரையில் முதல் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. அவள் புருஷன் பூட்டு ரிப்பேர் செய்கிறவர், ஒல்லியான, வாயாடி மனிதர். பூதத்தைப் பார்க்கும்போதெல்லாம், “வாய்யா பூதம், உன் வாய்க்குப் பூட்டுப் போட நம்மகிட்ட அளவு இல்லை” என்பார். தையல்காரம்மா அவருக்கு டீ கொடுத்தாள்.

“தம்பி, நிஜமா ரெண்டு நாள்தானா? சாமானெல்லாம் என்ன செய்யறது?”

“ரெண்டே நாள் அக்கா. சாமானைத் தொடவே வேண்டாம். பூட்டிட்டு வாங்க. அதுக்குத்தான் வீட்டுலயே பூட்டுக்காரர் இருக்காரே” என்றார் பூதம். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சொன்னதைக் கேட்டுக் கரை முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது.

மறுநாள் விடிந்ததும் இயந்திரங்கள் வந்தன. செய்தி பள்ளிக்கூடத்துக்கு எட்டியபோது பாதிக் கரை தரைமட்டமாகியிருந்தது. ஜனங்கள் ஓடினார்கள். பூட்டுக்காரர் தடுப்பைத் தாண்டித் தன் வீட்டுக்குள் போனார். மனைவியின் இரத்த அழுத்த மாத்திரையை எடுத்துவரத்தான் போனார். சாமானைத் தொடவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார்களே, அது அலமாரியிலேயே இருந்தது. பக்கத்துச் சுவர் இந்தச் சுவரின் மேல் சாய்ந்தது. அவரை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

பூதம் அங்கே போய்ச் சேர்ந்தபோது தையல்காரம்மா செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார் பூதம். அதற்குள் யாரோ ஒருவன் செங்கல்லை எடுத்து எறிந்தான். தோளில் பட்டது. அவர் நகரவில்லை. அடுத்தது வந்தது. போலீஸ்காரர்கள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேங்கை பூதத்தின் வீட்டுக்கு வந்தது அதற்கு நான்கைந்து நாட்கள் கழித்து, ஒரு பிற்பகலில். தனியாக வந்தார். சமையலறையிலேயே, எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பூதத்தின் மனைவி அடுப்பைப் பார்த்தபடி திரும்பி நின்றுகொண்டாள்.

“இடிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா மாப்பிள்ளை?” என்று கேட்டார் பூதம்.

“தெரியும். ஆனா ஒரு உயிர் போகும்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது மச்சான். தூங்கி நாளாச்சு.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ போயிருக்க மாட்டே.”

அது உண்மைதான்.

“ஊர் கொதிக்குது. தலைமை கையை விரிச்சிட்டாங்க. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்கறாங்க. இல்லைன்னா என்னைத் தூக்கிடுவாங்க” என்று வேங்கை சொல்லிக்கொண்டே போனார். குரல் தாழ்ந்தது. “மச்சான், எனக்காக ஒரு தடவை விழணும்.”

கிடங்குக்காரர்களோடு பூதம் ரகசியமாகக் கைகோத்துக்கொண்டு, வேங்கைக்குத் தெரியாமல் ஜனங்களை ஏமாற்றினார் என்று சொல்வது. மேடையில், எல்லார் முன்னாலும், வேங்கை அவரை விரட்டுவது. தேர்தல் முடிந்து மூன்று மாதத்தில், விசாரித்துப் பார்த்ததில் பூதம் குற்றமற்றவர் என்று தெரிந்தது என வேங்கையே அறிவிப்பது. இதுதான் ஏற்பாடு.

பூதத்தின் மனைவி திரும்பினாள். “அண்ணே, அங்க விழுந்தா கீழே மெத்தை போட்டிருந்தீங்க. இங்க என்ன போட்டிருக்கீங்க?”

“நான் இருக்கேன்மா. நான் பாத்துக்க மாட்டேனா?”

“அதைத்தானே கரையிலயும் சொன்னீங்க.”

வேங்கை தலையைக் குனிந்துகொண்டார். “உன் தங்கச்சிக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது மச்சான். தெரிஞ்சா அவ என்கூட இருக்க மாட்டா. பிள்ளைகளைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவா” என்றார். உடனே அழ ஆரம்பித்தார். பெரிய தோள்கள் குலுங்கின. பூதம் அந்தத் தோள்களை எத்தனையோ வருஷமாகப் பார்த்திருக்கிறார், குலுங்கிப் பார்த்ததில்லை. மனைவி கண்ணால் ‘வேண்டாம்’ என்றாள். பூதம் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அரங்கத்தில் சனிக்கிழமை மத்தியானம் கேட்பது போலவே கேட்டார்:

“சரி. எப்படி விழணும்?”

கூட்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்தில். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. வேங்கை பேசினார், நன்றாகவே பேசினார். “என் நம்பிக்கைக்கு முதுகுல குத்தினவன் யார் தெரியுமா?” என்றபோது கூட்டம் பூதத்தின் பெயரைச் சொல்லிக் கத்தியது. பூதத்தை மேடைக்கு ஏற்றினார்கள். வேங்கை அவரை நெருங்கி வந்தார்.

பூதம் இடது கையைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வேங்கை அந்தக் கையின் மணிக்கட்டைத் தொடவில்லை. நேரே அறைந்தார்.

சத்தம் மட்டும் வரும் அறை எப்படி இருக்கும் என்று பூதத்துக்குத் தெரியும். இது அது இல்லை. காதுக்குள் விசில் ஊதியது. மேடையின் படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கால் தவறி, பக்கவாட்டில் உருண்டு மண்ணில் விழுந்தார். முட்டி ‘மளக்’ என்றது. மைதானமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். முன்வரிசையில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். அவளை யார் அழைத்து வந்து அங்கே உட்கார வைத்தார்களோ. எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

வேங்கை முன்னைவிட அதிக வாக்குகளில் ஜெயித்தார்.

பூதத்துக்கு அந்த முட்டி பிறகு சரியாகவே இல்லை. இடது காதும் மந்தமாகிவிட்டது. மறுபடி வேலை கேட்டுப் போனபோது மரக்கடைக்காரர், “உனக்கு வேலை கொடுத்தா என் கண்ணாடியை உடைச்சிடுவாங்கப்பா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். விசாரணை என்று போலீஸில் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கேட்டார்கள், அனுப்பினார்கள், மறந்துபோனார்கள். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். படிப்பு அதிகம் என்றாள். மனைவி மட்டும் டோக்கன் கவுன்டரை விடவில்லை. யாராவது ஜாடையாகப் பேசினால், “டோக்கன் வேணுமா, கதை வேணுமா?” என்று கேட்பாள்.

மூன்று மாதம் ஆயிற்று. பிறகு ஆறு மாதம். பூதம் போன் செய்தால் உதவியாளர் எடுத்து, “ஐயா கூட்டத்துல இருக்காரு” என்பார். வேங்கை அமைச்சரானார். ஒரே ஒருமுறை அவரே எடுத்தார். “இப்ப வேண்டாம் மச்சான், நேரம் சரியில்லை. கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொல்லி வைத்துவிட்டார். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பூதத்துக்கு உறைத்தது அதுதான்.

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தவள் தங்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். பிள்ளைகளை அழைத்து வரவில்லை. அண்ணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “அண்ணா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?” என்றாள்.

“கேளும்மா.”

“ஏன் அண்ணா அப்படிப் பண்ணினே? நம்மகிட்ட என்ன இல்லை? அவர் உன்மேல உயிரையே வெச்சிருந்தாரு. இப்பவும் உன் பேச்சு எடுத்தா அவர் கண்ணு கலங்குது.”

பூதத்தின் மனைவி கையிலிருந்த பாத்திரத்தை ‘டங்’கென்று வைத்தாள். பூதம் அவளைப் பார்த்து, பேசாதே என்று தலையசைத்தார். இல்லை என்று சொன்னால் இந்தப் பெண் பொய்யனோடு வாழத் திரும்பிப் போக வேண்டும். ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“டீ ஆறுது, குடிம்மா” என்றார்.

அவள் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாள். குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். தான் தோளில் தூக்கி வளர்த்த பெண் தன்னை நம்பவில்லை என்பது அவர் எண்ணிப் பார்க்காத அடி.

மறுநாள் கடைத்தெரு நிறைந்திருந்த நேரத்தில் பூதம் தபால் ஆபீஸ் படிக்கட்டில் ஏறி நின்றார். மனைவி கூடவே போனாள். தடுக்கவில்லை. “எல்லாரும் கேளுங்க” என்று அவர் சொன்னதும் கூட்டம் சேர்ந்தது. பூதத்தின் தொண்டைக்கு மைக் தேவையில்லை.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். யார் அனுப்பியது, என்ன சொல்லி அனுப்பியது, சமையலறையில் என்ன பேசியது, மேடையில் எப்படி விழச் சொன்னது. வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு குரல், “ஊ...” என்று இழுத்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. அரங்கத்தில் பூதம் நுழையும்போது போடுவார்களே, அதே சத்தம். கோபம்கூட அதில் இல்லை. சந்தோஷம் இருந்தது. நாற்பது வயது, ஐம்பது வயது ஆண்கள் சின்னப் பிள்ளைகளாகிப் போயிருந்தார்கள்.

“பூதம்! ஒரு உறுமு உறுமேன்!”

“நான் சொல்றது நிஜம்” என்றார் பூதம். “இது நிஜங்க.”

“அன்னிக்கும் இப்படித்தான்யா சொல்லுவான்! நான் பொடியே போடலைம்பான்!” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டிச் சிரித்தார். கைதட்டல் எழுந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மரியாதையாகப் படியேறி வந்து, “சின்ன வயசுல உங்களைப் பார்த்து எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா, ஒரு ஃபோட்டோ எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். பூதம் மறுக்கத் தெரியாமல் நின்றார். படம் எடுத்துக்கொண்டார்கள். மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கினாள்.

அடுத்த வாரம் அவர் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்கு வீடுகளுக்குப் போனார். கால்வாய்க் கரைக்காரர்களை அங்கேதான் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. தையல்காரம்மா நான்காவது மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு ஏறினார். மனைவி கீழேயே நின்றுவிட்டாள். “இது நீங்க தனியாப் போக வேண்டிய இடம்” என்றாள்.

கதவு திறந்திருந்தது. தையல்காரம்மா ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கத்தவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. வாசலிலேயே நின்று அவர் சொன்னார். கடைத்தெருவில் சொன்னது போல நீட்டிச் சொல்லவில்லை. அளக்கத்தான் வருகிறார்கள் என்று நம்பித்தான் அன்றைக்குச் சொன்னேன் என்றார். மேடையில் நடந்தது பேசிவைத்துக்கொண்டது என்றார். இவ்வளவுதான்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“தெரியும்” என்றாள்.

பூதம் விழித்தார்.

“அன்னிக்கு நீ டீ குடிச்ச மூஞ்சியைப் பார்த்தவ நான். பொய் சொல்ற மூஞ்சி இல்லை அது. அந்த ஆள் உன்னை அறைஞ்சப்ப, நீ விழுந்ததும் என்னைத்தான் பார்த்தே. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு.”

இத்தனை நாளில் முதல் முறையாக நம்புகிற ஒரு ஆள். “அக்கா...” என்று ஆரம்பித்தார்.

“இரு. நான் நம்பறேன். அதனால என்ன ஆச்சு?” அவள் குரல் உயரவே இல்லை. “அந்த ஆள் சொல்லியிருந்தா நாங்க வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க மாட்டோம். எங்களுக்கு அவன்மேல அப்பவே சந்தேகம். நீ சொன்னதாலதான் கிளம்பினோம். ஊரே உன்னைத் திட்டறப்ப, பூதம் நல்லவன்டின்னு சொல்லிட்டிருந்தது எங்க வீட்டு மனுஷர் ஒருத்தர்தான். உன் வாயிலேருந்து வந்ததாலதான் அவர் ஒண்ணையும் எடுத்துக்காம வந்தாரு.”

பூதம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நீ அவன்கிட்ட எதுவும் கேக்காம வந்து சொன்னே பாரு, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காம. அதை என்னால தாங்க முடியலை தம்பி. நீ போ. இனிமே வராதே. உன்மேல கோவம்னு இல்லை. உன்னைப் பார்த்தா அவர் சிரிச்சது ஞாபகம் வருது.”

சட்டையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பூதம் கும்பிட்டார். அவள் பார்க்கவில்லை. படி இறங்குவது ஏறுவதைவிடச் சிரமமாக இருந்தது. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிட்டார். ‘அளக்கறதுக்கு எதுக்கு வெளிய போகணும்?’ என்று தான் கேட்டது நினைவுக்கு வந்தது. கேட்டார்தான். பதில் வரும் வரை நிற்காமல் கிளம்பிப் போனதும் அவர்தான். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் படியில், யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அழுதார்.

கீழே வந்ததும் மனைவி, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள்.

“நம்பறாங்க.”

“மன்னிச்சாங்களா?”

“இல்லை.”

அவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். “அதுவும் சரிதான். மன்னிச்சிருந்தாங்கன்னா எனக்கே அந்தம்மா முகத்துல முழிக்கச் சங்கடமா இருந்திருக்கும்” என்றாள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பி இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும், போன் அடித்தது. தங்கை. பூதம் வலது காதில் வைத்துக்கொண்டார்.

“அண்ணா, நீ கடைத்தெருவுல என்னவோ பேசினியாமே.”

“ஆமாம்மா.”

“எனக்கு இன்னிக்குத்தான் சொன்னாங்க. அவர்கிட்டக் கேட்டேன். உங்க அண்ணனுக்குப் பழைய பழக்கம் போகலைன்னு சொல்லிச் சிரிச்சாரு. அவர் நிஜமாச் சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா அண்ணா?”

இல்லையம்மா, எல்லாம் விளையாட்டுத்தான் என்று சொல்லிவிடலாமா என்று பூதத்துக்கு ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் இருந்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“நான் அன்னிக்கு வந்து கேட்டேனே. உன்னைப் போய் அப்படிக் கேட்டேனே” என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. “ஏன் அண்ணா எனக்குச் சொல்லலை?”

“பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார் அவர்.

“ம்.”

“நீ?”

பின்னால் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “அவர் வந்துட்டார்” என்றாள் மெதுவாக. “வைக்கிறேன் அண்ணா.” போன் அடங்கிப்போயிற்று.

அவள் அந்த வீட்டைவிட்டு வரவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள், போக வேறு இடம் இல்லை, அவளுக்கும் இப்போது அமைச்சர் மனைவி என்று ஒரு பெயர் ஊருக்கு முன்னால் இருந்தது. விழாக்களில் வேங்கைக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைப் பூதம் பேப்பரில் பார்ப்பார். மனைவிக்கு மட்டும் தெரியும், அந்தப் படங்களில் தங்கையின் முகத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று.

அன்றைக்குப் பேருந்தில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் வந்து நின்றதையும் கவனிக்கவில்லை. மனைவிதான் இரண்டு டிக்கெட் வாங்கினாள்.